நூறு நிராகரிப்புகள் என்ற புரட்டு

எழுத வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்லும் மேடை எதுவானாலும் அங்கே ஜே. கே. ரௌலிங் வந்துவிடுவார். பன்னிரண்டு பதிப்பகங்கள் ஹாரி பாட்டரைத் திருப்பி அனுப்பின, அவர் அசரவில்லை, இன்று பாருங்கள் என்று கதை முடியும். கைதட்டல் எழும். கேள்வி நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்து, ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை யோசனை அனுப்பி நான்கு மாதமாகிறது, பதிலே இல்லை என்பார். "விடாதீங்க தம்பி, நிராகரிப்புதான் எழுத்தாளனைச் செதுக்கும்" என்று மேடையிலிருந்து வாழ்த்து வரும். தம்பி உட்கார்ந்துவிடுவார்.

அவர் கேட்டது அதுவல்ல. பதில் வரவில்லையே, அந்த யோசனையை நான் என்ன செய்யட்டும் என்று கேட்டார். அதற்குள் ஒரு நடைமுறைச் சிக்கலும் கொஞ்சம் பணக் கணக்கும் இருந்தன. மேடை அதை அவருடைய மன உறுதி பற்றிய பேச்சாக மாற்றிவிட்டது. இந்த மாற்றத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்க நினைக்கும் ஃப்ரீலான்சருக்கு நிராகரிப்பு ஒரு தொழில் செலவு. அந்தச் செலவை யார் ஏற்பது, எவ்வளவு ஏற்பது என்று பேச வேண்டிய இடத்தில், மனசைக் கல்லாக்கிக்கொள் என்று சொன்னால் முழுத் தொகையும் எழுதுகிறவர் தலையில் விழுகிறது. சொல்கிறவர்களின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நல்லெண்ணத்தால் பஸ் டிக்கெட் வாங்க முடியாது.

இந்த அறிவுரையின் புதிய வடிவம் அமெரிக்காவிலிருந்து வந்தது. 2016இல் கிம் லியாவ் என்ற எழுத்தாளர் லிட் ஹப் இதழில், ஆண்டுக்கு நூறு நிராகரிப்புகளை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அது உலகம் சுற்றி நம் பயிற்சிப் பட்டறைகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அவர் வாதத்தில் ஒரு தர்க்கம் உண்டு, மறுக்கவில்லை. நூறு மறுப்பு வாங்க வேண்டுமானால் நூற்றுக்கும் மேல் அனுப்பியாக வேண்டும். அத்தனை அனுப்பினால் சில ஏற்கப்பட்டே தீரும். ஆனால் அவர் இருக்கும் ஊரில் ஆங்கிலக் கதை, கட்டுரை கேட்கும் இதழ்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரே படைப்பை ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்பவும் அவற்றில் பல அனுமதிக்கின்றன.

தமிழில் சன்மானம் தரும் இதழ்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களும் குறைந்துகொண்டு வருகின்றன. இந்தியா டுடே தமிழ்ப் பதிப்பு 2015இல் நின்றது. கல்கி 2020 பொதுமுடக்கத்தில் அச்சை விட்டு இணையத்துக்குப் போனது. மிச்சமிருப்பவற்றில் உங்கள் பொருளுக்குப் பொருந்துவது நான்கோ ஐந்தோ. இதற்குள் வருடத்துக்கு நூறு மறுப்பு வாங்க வேண்டுமானால் ஒரே உதவி ஆசிரியரை வாரந்தோறும் துரத்தி, உங்கள் பெயரைப் பார்த்தாலே அவர் மெயிலை மூடும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதைத் தொழில் உத்தி என்று சொல்லிக்கொள்வது கஷ்டம்.

அதோடு நம் ஊரில் உறுதிமொழிக் கடிதம் என்று ஒன்று இருக்கிறது. இது என் சொந்தப் படைப்பு, வேறு எந்த இதழுக்கும் அனுப்பப்படவில்லை, முடிவு தெரியும்வரை அனுப்பவும் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பதிலுக்கு இதழ் எதற்குக் கையெழுத்துப் போடுகிறது? எதற்குமில்லை. தேர்வாகாத படைப்புகள் குறித்துக் கடிதப் போக்குவரத்து கிடையாது என்று ஒரு பெட்டிக்குள் பொடி எழுத்தில் போட்டுவிடுகிறது. முடிவு தெரியும்வரை காத்திருப்பதாக நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். முடிவைத் தெரிவிக்க மாட்டோம் என்று அவர்கள் அச்சிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வக்கீலிடம் காட்டினால் சிரிப்பார். பழைய நாளில் சுயமுகவரி எழுதித் தபால்தலை ஒட்டிய உறையை இணைத்தால் கதை திரும்பி வரும். கூடவே பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துவதாக ஒரு துண்டுச் சீட்டும் வரும். அந்தத் தபால்தலை எழுதியவர் காசுதான் என்றாலும் சீட்டு வந்தது. மின்னஞ்சல் வந்து தபால் செலவே இல்லாமல் போன பிறகு வருத்தமும் நின்றுவிட்டது.

சரி, ரௌலிங்குக்கே வருவோம். கதை சொல்கிறவர்கள் விட்டுவிடும் பகுதிகள்தான் எனக்கு முக்கியம். முதல் ஹாரி பாட்டர் நூலை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவர் எடின்பரோவில் கைக்குழந்தையோடு அரசு உதவித்தொகையில் வாழ்ந்தார். 1997இல் ஸ்காட்லாந்துக் கலை மன்றம் 8,000 பவுண்டு நல்கை கொடுத்தது. பிரதியைப் பதிப்பகம் பதிப்பகமாக அனுப்பிக்கொண்டிருந்தது ஒரு முகவர் அலுவலகம். நெஞ்சுரம் இருந்திருக்கலாம், ஆனால் அந்த நெஞ்சுரத்துக்கு அரிசி பருப்பு வாங்கிப்போட ஒரு ஏற்பாடும் இருந்தது. தன் பெருநாவலின் முதல் பாகத்தோடு பாரிஸ் பதிப்பகங்களிடம் அவமானப்பட்ட மார்செல் ப்ரூஸ்டின் கதையும் இதே வகை. மறுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே ஜீத் பின்னால் மனம் வருந்தி அவருக்குக் கடிதம் எழுதினார் என்பதை எல்லோரும் சொல்வார்கள். 1913இல் அந்த நூல் ப்ரூஸ்ட் தன் சொந்தப் பணத்தைக் கட்டியதால்தான் வெளிவந்தது என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள்.

ரௌலிங் கதையின் இரண்டாம் பகுதி இன்னும் சுவையானது. உலகப் புகழ் பெற்ற பிறகு அவர் ராபர்ட் கால்பிரெய்த் என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் எழுதினார். அந்தப் பெயரோடு போன பிரதியும் சில பதிப்பகங்களிலிருந்து திரும்பி வந்தது. 2016இல் அவரே அந்த மறுப்புக் கடிதங்களில் இரண்டை ட்விட்டரில் போட்டார். எழுத்துப் பயிற்சி வகுப்பில் சேர்ந்தால் உதவியாக இருக்கும் என்ற யோசனைகூட ஒன்றில் இருந்தது. இளம் எழுத்தாளர்களுக்கு ஊக்கம் தருவதற்காகத்தான் அவர் அதை வெளியிட்டார். எனக்கு அதில் ஊக்கம் எதுவும் கிடைக்கவில்லை. அந்த நாவல் 2013 ஏப்ரலில் வந்தது. பிரிட்டனில் ஏறக்குறைய 1,500 பிரதிகள் போயிருந்தன. ஜூலையில் எழுதியவர் யாரென்று தெரிந்ததும் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போய்விட்டது. இடையில் நாவலில் ஒரு வரிகூட மாறவில்லை. டோரிஸ் லெஸ்ஸிங்கும் 1980களில் இதைச் செய்து பார்த்தார். ஜேன் சோமர்ஸ் என்ற பெயரில் அவர் அனுப்பிய நாவலை அவருடைய சொந்த பிரிட்டிஷ் பதிப்பகமே வேண்டாம் என்றது.

1970களில் சக் ராஸ் என்ற அமெரிக்கர் இன்னும் ஒரு படி மேலே போனார். யெர்சி கோசின்ஸ்கியின் 'ஸ்டெப்ஸ்' நாவல் 1969இல் தேசிய நூல் விருது பெற்றது. ராஸ் அதை அப்படியே தட்டச்சு செய்து, வேறொரு பெயர் போட்டுப் பதிப்பகங்களுக்கு அனுப்பினார். ஒருவரும் எடுக்கவில்லை. அதை முதலில் வெளியிட்ட ராண்டம் ஹவுஸும் திருப்பி அனுப்பிவிட்டது. 2015இல் கேத்தரின் நிக்கல்ஸ் என்ற எழுத்தாளர் தன் நாவலுக்கான அறிமுகக் கடிதத்தைச் சொந்தப் பெயரில் ஐம்பது முகவர்களுக்கு அனுப்பினார். இரண்டு பேர் பிரதியைக் கேட்டார்கள். அதே நாவலை ஓர் ஆண் பெயரில் ஐம்பது இடங்களுக்கு அனுப்பினார். பதினேழு பேர் கேட்டார்கள்.

ஆசிரியர்கள் மூடர்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. குவியலிலிருந்து ஒரு தாளை எடுக்கும் கண் தாளை மட்டும் பார்ப்பதில்லை. பெயரைப் பார்க்கிறது, ஊரைப் பார்க்கிறது, யார் சொல்லி வந்தது என்று பார்க்கிறது. நம் ஊரில் வேறு சிலவற்றையும் பார்க்கிறது, அதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டெஸ்கில் உட்கார்ந்து பழகிய யாரையாவது டீக்கடைக்கு அழைத்துப் போய், ஒரு படைப்பு ஏன் திரும்புகிறது என்று கேளுங்கள். தீபாவளி மலர்ப் பக்கங்கள் போன மாதமே நிரம்பிவிட்டன. திடீரென்று விளம்பரம் வந்து நான்கு பக்கம் போய்விட்டது. இரண்டு இதழுக்கு முன்புதான் இதே பொருளைத் தொட்டார்கள். பொறுப்பாசிரியர் மாறிவிட்டார், புதியவருக்கு விவசாயக் கட்டுரை பிடிக்காது. இவற்றில் எதிலிருந்து நான் என் வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளக் கற்பது?

ஒவ்வொரு நிராகரிப்பும் ஒரு பாடம் என்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜார்ஜ் ஆர்வெலின் சோவியத் பகடியான 'விலங்குப் பண்ணை' 1944இல் பதிப்பகங்களின் கதவைத் தட்டியபோது சோவியத் யூனியன் பிரிட்டனின் போர்க் கூட்டாளி. ஜொனாதன் கேப் பதிப்பகம் ஒரு தகவல் துறை அதிகாரியின் பேச்சைக் கேட்டுப் பின்வாங்கியது. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த டி. எஸ். எலியட் எழுத்தை மெச்சிவிட்டு, இந்த நேரத்தில் அரசியலை விமர்சிக்க இது சரியான கோணமில்லை என்று மறுத்தார். எலியட்டைவிடப் பெரிய வாசகர் யார் கிடைப்பார்? அந்தக் கடிதத்தைப் பாடமாக எடுத்துக்கொண்டு ஆர்வெல் திருத்தியிருந்தால் நமக்கு வேறு ஏதோ ஒரு பன்றிக் கதை கிடைத்திருக்கும். அவர் திருத்தவில்லை, 1945 ஆகஸ்டில் நூல் வந்தது.

திருத்தியவர் ஒருவர் இருக்கிறார். ஜான் கென்னடி டூல் தன் நாவலை சைமன் அண்ட் ஷூஸ்டருக்கு அனுப்பினார். அங்கிருந்த ஆசிரியர் ராபர்ட் காட்லீப் திறமையை ஒப்புக்கொண்டார், குறை சொன்னார், திருத்தச் சொன்னார். டூல் திருத்தினார். மறுபடியும் கடிதம், மறுபடியும் திருத்தம். கடைசியில் ஒன்றும் நடக்கவில்லை. 1969இல், முப்பத்தோரு வயதில், டூல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு நிராகரிப்பு மட்டுமே காரணம் என்று சொல்வது தவறு. அவர் மனநோயால் துன்பப்பட்டிருந்தார். அவருடைய அம்மா அந்தப் பிரதியைத் தூக்கிக்கொண்டு பல ஆண்டுகள் அலைந்து, எழுத்தாளர் வாக்கர் பெர்சியின் கையில் திணித்தார். 1980இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் இந்தக் கதையையும் விட்டுவைப்பதில்லை. திறமை என்றாவது வென்றே தீரும் என்று முடிக்கிறார்கள். யாருக்கு வென்றது?

நம் பக்கம் ப. சிங்காரம். 1950இல் எழுதிய 'கடலுக்கு அப்பால்' நாவலைப் பதிப்பிக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. கலைமகள் நடத்திய போட்டியில் பரிசு வாங்கி, 1959இல்தான் அது நூலாயிற்று. 'புயலிலே ஒரு தோணி'யை 1962இல் எழுதினார், 1972இல் அச்சேறியது. தமிழின் ஆகச் சிறந்த நாவல்கள் எவை என்று இன்று யார் பட்டியல் போட்டாலும் அது அதில் இருக்கிறது. மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியாக வாழ்ந்து, 1997இல் இறந்தார். மூன்றாவது நாவல் இல்லை. பதிப்புக்காக அலைந்து வந்த சலிப்பும் அதற்கு ஒரு காரணம் என்பது அவரைத் தேடிப்போய்ப் பார்த்தவர்கள் பதிவு செய்தது. நிராகரிப்பு எழுத்தாளனைச் செதுக்கும் என்றால் சிங்காரத்திடம் அது என்ன செதுக்கியது? தென்கிழக்காசியாவில் உலகப் போரைக் கண்ணால் கண்டு திரும்பிய மனிதரிடம், உங்களுக்கு மன உறுதி போதவில்லை ஐயா என்று சொல்ல எந்தப் பேச்சாளருக்குத் துணிச்சல் வரும்?

நாவலாவது எழுதியவர் பெட்டியில் பத்திரமாக இருக்கும். கட்டுரை யோசனையின் நிலை இன்னும் மோசம். வேதாரண்யம் உப்பளத் தொழிலாளர்கள் மழைக்கால மாதங்களை எப்படி ஓட்டுகிறார்கள் என்று எழுத ஆசை என்று வைத்துக்கொள்வோம். அப்படி ஒரே வரியில் மெயில் போட்டால் பதில் வராது. என்ன புதுசு, யார் கேரக்டர், போட்டோ கிடைக்குமா என்று டெஸ்கில் கேட்பார்கள். அதனால் முதலில் போக வேண்டும். நான்கு வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். எந்தக் கடையில் கடன், யாரிடம் வட்டிக்கு, முன்பணம் வாங்கிய முதலாளியிடமே அடுத்த பருவமும் போக வேண்டியிருக்கிறதா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இத்தனையும் செய்தால்தான் யோசனையில் இரண்டு நல்ல பத்தி வரும். அதாவது கட்டுரையின் பாதி வேலை, அதுவும் கடினமான பாதி, ஒப்புதலுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. கொத்தனாரிடம் பாதிச் சுவரைக் கட்டிக்காட்டச் சொல்லி, பிடித்தால் கூலி தருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் கரணையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எழுதுகிறவரிடம் சொல்லலாம், ஏனென்றால் அவரைத்தான் செதுக்கிக்கொண்டிருக்கிறோமே.

அந்தப் பாதிச் சுவர் பிறகு யாருக்குச் சொந்தம் என்பதையும் சட்டம் சொல்லிவிட்டது. ஒரு கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்பது ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் உறுதிசெய்த கோட்பாடு. கோட்பாட்டில் எனக்குத் தகராறு இல்லை. கருத்துக்கு வேலி போட்டால் பத்திரிகையே நடக்காது. ஆனால் அதன் விளைவு, மறுக்கப்பட்ட யோசனை ஊர்ச் சொத்து. இப்போதைக்கு வேண்டாம் என்று ஓர் இதழ் எனக்குச் சொன்ன பொருள் பிறகு அதே இதழில் அவர்களுடைய நிருபர் பெயரில் வந்திருக்கிறது. திருட்டு என்று சொல்ல மாட்டேன். மழைக்காலம் வந்தால் உப்பளம் யார் நினைவுக்கும் வரும். திருட்டா தற்செயலா என்று தெரிந்துகொள்ள வழியே இல்லாத இடத்தில் நிற்கிறோம் என்பதுதான் என் புகார். இதற்கு மன உறுதி எப்படி மருந்தாகும்?

எதிர்ப்பக்கத்தின் வலுவான வாதம் ஒன்று இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. ஆசிரியர் குழுவில் ஆள் இல்லை, வருகிற மெயிலோ மலை. எல்லோருக்கும் பதில் எழுதினால் இதழ் யார் போடுவது? உண்மைதான். நேற்று பத்துப் பேர் பார்த்த வேலையை இன்று மூன்று பேர் பார்க்கும் அலுவலகங்கள் எனக்குத் தெரியும். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித்தள்ளும் குப்பையும் சேர்ந்துகொண்டது. அமெரிக்க அறிவியல் புனைகதை இதழான கிளார்க்ஸ்வேர்ல்ட் 2023 பிப்ரவரியில் அந்த வெள்ளம் தாங்காமல் படைப்புகள் வாங்குவதையே கொஞ்ச காலம் நிறுத்திவைத்தது. ஆனால் அதே கிளார்க்ஸ்வேர்ல்ட் வந்த கதைக்குச் சில நாட்களில் முடிவு சொல்வதற்குப் பேர்போன இதழ். பெரிய நிறுவனமும் அல்ல. எத்தனை வந்தாலும் பதில் போக வேண்டும் என்று முடிவு செய்து அதற்கேற்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். மெயில் பெட்டியில் தானியங்கிப் பதில் வைக்க எத்தனை ஆள் வேண்டும்?

ஆக, மனம் கல்லாவது எனக்கு வேண்டாம். உப்பளத்து வீட்டில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்க மெல்லிய மனம்தான் உதவும்; அலுவலகத்தில் ஒன்று, களத்தில் ஒன்று என்று இரண்டு மனம் வைத்துக்கொள்ளும் வித்தை எனக்கு வராது. அதற்குப் பதிலாகச் சில கறாரான பழக்கங்கள் போதும் என்று நினைக்கிறேன். ஒரு பயணத்தை ஒரே இதழை நம்பிப் போகாமல், ஒரே களத்திலிருந்து வெவ்வேறு கோணத்தில் மூன்று யோசனை எழுதுவது. யோசனையில் ஊர் பெயரையும் முக்கியமான ஆளின் பெயரையும் ஒப்புதல் வரும்வரை தராமல் இருப்பது. எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு வேண்டாம் என்றால் எவ்வளவு தருவீர்கள் என்று வேலை தொடங்குமுன்பே கேட்பது. ஆங்கில இதழ்கள் பலவற்றில் இதற்கென்று ஒரு தொகை உண்டு, பேசிய பணத்தில் கால்வாசி என்பது பரவலான வழக்கம். தமிழில் கேட்டால் விநோதமாகப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். எந்த இதழ் என்ன சன்மானம் தருகிறது, எத்தனை மாதம் கழித்துத் தருகிறது என்பதை எழுதுகிறவர்கள் தங்களுக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்வதும் வேண்டும். நாம் இதை மட்டும் ஏனோ அந்தரங்கமாக வைத்துக்கொள்கிறோம்.

நியூயார்க் நகரத்தில் ஃப்ரீலான்சர்கள் சங்கம் சேர்ந்து கேட்டார்கள். 2017 மேயில் அங்கே ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. 800 டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் கட்டாயம். ஒப்பந்தத்தில் வேறு தேதி குறிக்காவிட்டால் வேலை முடிந்த முப்பது நாளில் பணம் தர வேண்டும். 2024இல் அது மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. அது யோசனை மறுக்கப்படுவதைத் தடுக்காது, தடுக்கவும் கூடாது. ஆசிரியருக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை முழுதாக உண்டு. ஆனால் அந்த ஊரில் ஒருவர் தன் சிக்கலைச் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவர் ரௌலிங் கதை சொல்லாமல் மனு எழுதியிருக்கிறார். இங்கே 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பத்திரிகை நிறுவனத்தில் வேலைக்கு அமர்த்தப்பட்டவரைத்தான் பத்திரிகையாளராகக் கணக்கில் எடுத்தது. வெளியிலிருந்து எழுதுகிறவர் அதில் இருக்கவில்லை.

சட்டம் வரும்போது வரட்டும். அதுவரை நான் அனுப்பும் ஒவ்வொரு யோசனையின் கீழும் ஒரு தேதி போடுகிறேன்: இந்த நாளுக்குள் தகவல் இல்லையென்றால் இதை வேறு இதழுக்குக் கொடுத்துவிடுவேன். திமிர் பிடித்த ஆள் என்று ஒரு பொறுப்பாசிரியர் என்னைப் பற்றிச் சொன்னதாகக் காதில் விழுந்தது. அதே ஆசிரியர்தான் அந்தத் தேதிக்கு முந்தைய நாள் மாலை, வேண்டாம் என்று இரண்டு வரி எழுதி அனுப்பினார். அன்று இரவே அதை அடுத்த இதழுக்கு அனுப்பினேன்.